ஆப்பிரிக்க சஃபாரி: செலவுத் திட்டம் குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சஃபாரி போக விரும்புகிறவர் முதலில் பார்க்கும் விலைப்பட்டியல் அவரை மலைக்க வைக்கும். அடுத்து பார்ப்பது அதில் பாதி விலைக்கு இருக்கும். இதில் என்ன வில்லங்கமோ என்று ஐயப்பட வைக்கும். இரண்டுக்கும் இடையிலான வித்தியாசம் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துவிட்டால் பேரம் பேசுவதும் முடிவெடுப்பதும் எளிது. கீழே உள்ள விடைகள் கென்யா, தான்சானியா, தென்னாப்பிரிக்கா ஆகிய மூன்று நாடுகளை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. கட்டணங்கள் அடிக்கடி திருத்தப்படுவதால், முன்பணம் கட்டும் முன் அந்தந்தப் பூங்காவின் அதிகாரப்பூர்வப் பக்கத்தில் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ள வேண்டும்.

சஃபாரிக்கு ஏன் இவ்வளவு செலவாகிறது? பணம் எங்கே போகிறது?

விமானச் செலவை ஒதுக்கிவைத்தால், பூங்கா நுழைவுக் கட்டணம், ஓட்டுநருடன் கூடிய வண்டி, தங்குமிடம் ஆகிய மூன்றும்தான் பெரும்பகுதியை விழுங்குகின்றன. இவற்றில் நுழைவுக் கட்டணத்தில் பேரத்துக்கு இடமே இல்லை. கென்யாவின் மசாய் மாரா காப்பகத்தில் 2024 முதல் வெளிநாட்டுப் பெரியவர் ஒருவருக்கு ஜனவரி முதல் ஜூன் வரை நாளொன்றுக்கு 100 டாலரும், ஜூலை முதல் டிசம்பர் வரை 200 டாலரும் வசூலிக்கப்படுகின்றன. தான்சானியாவின் செரெங்கெட்டியில் நெரிசல் காலத்தில் 24 மணி நேரத்துக்கு 70 டாலர், அதன்மேல் 18 விழுக்காடு வரி, ஆக 82.60 டாலர். ஆகவே மாராவில் ஜூலை மாதத்தில் "எல்லாம் சேர்த்து நாளுக்கு 180 டாலர்" என்று ஒருவர் சொன்னால், அதில் நுழைவுச் சீட்டு அடங்கவில்லை என்று தயங்காமல் முடிவு கட்டலாம்.

வண்டியின் செலவு நாளுக்கு இவ்வளவு என்று நிலையாக இருக்கும். இரண்டு பேர் ஏறினாலும் ஆறு பேர் ஏறினாலும் டீசலும் ஓட்டுநர் சம்பளமும் ஒன்றுதான். தங்குமிடத்தில் மட்டும்தான் வரம்பே இல்லை. ஒரே காப்பகத்தின் ஓரத்தில் கட்டிலும் கொசுவலையும் உள்ள எளிய கூடாரமும் இருக்கும். ஆற்றைப் பார்த்தபடி குளியல்தொட்டி வைத்த கூடாரமும் இருக்கும். இரண்டிலிருந்தும் புறப்பட்டுப் போகிறவர்கள் பார்ப்பது அதே சிங்கத்தைத்தான்.

இரண்டு பேருக்குத் தோராயமாக எவ்வளவு ஆகும்? ஒரு கணக்கு காட்ட முடியுமா?

நைரோபியிலிருந்து சாலை வழியாக மாராவுக்குச் சென்று மூன்று இரவுகள் தங்கித் திரும்பும் நான்கு நாள் பயணத்தை எடுத்துக்கொள்வோம். வண்டிக்கு நாளுக்கு 220 டாலர் என்றும், காப்பகத்துக்கு வெளியே உள்ள நடுத்தர முகாமில் மூவேளை உணவோடு இருவருக்கும் சேர்த்து இரவுக்கு 120 டாலர் என்றும் வைத்துக்கொள்வோம். இவ்விரண்டும் கணக்குக்காக எடுத்துக்கொண்ட தொகைகள். உங்களுக்குக் கிடைக்கும் விலை கூடலாம், குறையலாம்.

ஜூன் மாதமானால் முதல் மூன்று நாள் நுழைவுச் சீட்டு இருவருக்கும் 600 டாலர், வண்டி 880, தங்குமிடம் 360. மொத்தம் 1,840 டாலர். டாலருக்கு 90 ரூபாய் என்று வைத்தால் ஏறக்குறைய 1,65,600 ரூபாய். ஜூலை முதல் தேதிக்குப் பிறகு இதே பயணத்தில் நுழைவுச் சீட்டு மட்டும் 1,200 டாலராகிவிடும். முகாமின் வாடகையும் கூடவே ஏறும். இன்னொரு தம்பதியைச் சேர்த்துக்கொண்டால் வண்டிச் செலவு பாதியாகி, ஜூன் மாதக் கணக்கு ஒரு தம்பதிக்கு 1,400 டாலருக்கு இறங்கும்.

இந்தக் கணக்கில் பலர் கவனிக்காத ஓர் இடம் முதல் நாள். நைரோபியிலிருந்து நாரோக் வழியாக வந்து சேர ஐந்தாறு மணி நேரம் பிடிக்கும். சாப்பிட்டுவிட்டு மூன்றரை மணிக்கு உள்ளே போனால், மாலை ஆறு மணியோடு அன்றைய சீட்டு முடிந்துவிடும். நெரிசல் காலத்தில் அந்த இரண்டரை மணி நேரத்துக்கு ஆளுக்கு 200 டாலர் கொடுப்பது என் கணக்கில் சரிப்படாது. முதல் நாள் மாலையை முகாமில் ஓய்வாகக் கழித்துவிட்டு, மறுநாள் காலை ஆறு மணிக்கு வாயிலில் முதல் ஆளாக நின்றால் அதே பணத்துக்கு முழுப் பகல் கிடைக்கும்.

எந்த மாதத்தில் போனால் பணத்துக்கு அதிகப் பயன்?

வைல்டுபீஸ்ட் எனப்படும் மாட்டுச் சாயல் கொண்ட மான்களின் மந்தைகள் மாரா ஆற்றைக் கடக்கும் காட்சிதான் எல்லோருடைய மனத்திலும் இருக்கிறது. அது ஜூலைக்கும் அக்டோபருக்கும் இடையில் நிகழ்வது. இன்ன நாள் இன்ன நேரம் என்று எவரும் உறுதி தர முடியாது. கரையில் ஆறு மணி நேரம் காத்திருந்து, மந்தை தண்ணீரைப் பார்த்துவிட்டு வந்த வழியே திரும்பிப் போவதைப் பார்த்தவர்கள் நிறையப் பேர். அந்தக் காட்சி ஒன்றுதான் வேண்டும் என்றால் இரட்டிப்புக் கட்டணத்தைக் கொடுத்தே ஆக வேண்டும். குறைந்தது நான்கு இரவுகளாவது ஒதுக்க வேண்டும். இரண்டு இரவுக்குப் போய் ஆற்றங்கடப்பைப் பார்த்துவிடலாம் என்று எண்ணுவது சீட்டுக் குலுக்கலில் பணம் போடுவது போன்றது.

அது அவ்வளவு முக்கியமில்லை என்பவர்களுக்கு இரண்டு நல்ல காலங்கள் உள்ளன. ஜனவரி முதல் மார்ச் முற்பகுதி வரை மந்தைகள் செரெங்கெட்டியின் தெற்கே நுடுட்டு சமவெளியில் இருக்கும். பிப்ரவரியை ஒட்டி ஆயிரக்கணக்கில் கன்று ஈனும். கன்றுகளைத் தேடிச் சிவிங்கிப்புலியும் கழுதைப்புலியும் வரும். மற்றொன்று ஜூன் மாதம். மழை ஓய்ந்திருக்கும், புல் பசுமையாக இருக்கும், மாராவில் கட்டணம் இன்னும் பாதியாகவே இருக்கும்.

ஏப்ரல், மே மாதங்களில் முகாம்கள் பெரும் தள்ளுபடி தருவது உண்மை. ஆனால் அந்தச் சமவெளியின் பெரும்பகுதி நம் கோவில்பட்டிப் பக்கம் பார்க்கும் கரிசல் மண்ணைப் போன்றதுதான். ஒரு நல்ல மழை பெய்தால் சக்கரம் அச்சு வரை இறங்கிவிடும். அந்த மாதங்களில் போகிறவர்கள் நான்கு சக்கரமும் இழுக்கும் லேண்ட் க்ரூசர் வண்டியைத் தவிர வேறு எதற்கும் ஒப்புக்கொள்ளக் கூடாது. வேன் மலிவுதான், சேற்றிலிருந்து இன்னொரு வண்டி வந்து இழுக்கும் வரை வேடிக்கை பார்த்து நிற்க வேண்டியிருக்கும்.

கென்யா, தான்சானியா, தென்னாப்பிரிக்கா: எது மலிவு?

தென்னாப்பிரிக்காவின் க்ரூகர் தேசியப் பூங்காதான் மலிவு. இதில் இரண்டாவது கருத்துக்கு இடமில்லை. ஏறக்குறைய 19,500 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள அந்தப் பூங்காவில் வெளிநாட்டவருக்கு நாள் கட்டணம் 600 ராண்ட் அளவில், அதாவது 40 டாலருக்குள், அடங்குகிறது. தார்ச்சாலைகள் இருப்பதால் சாதாரண வாடகைக் காரையே நாமே ஓட்டிச் செல்லலாம். நம் நாட்டைப் போலவே இடப்பக்கம்தான் ஓட்ட வேண்டும். வேக வரம்பு தார்ச்சாலையில் 50, மண் சாலையில் 40 கிலோமீட்டர். ஸ்குகுசா, லோயர் சாபி, சடாரா போன்ற அரசு ஓய்வு முகாம்களில் சமையல் வசதியுள்ள வட்டக் குடிசைகள் உண்டு. கடையில் அரிசியும் காய்கறியும் வாங்கிச் சமைத்துக்கொண்டால் உணவுச் செலவு வீட்டுச் செலவாகிவிடும்.

முகாம்களுக்கு உள்ளே தங்குவதில் இன்னொரு நன்மை உண்டு. நவம்பர் முதல் ஜனவரி வரை முகாம் கதவுகள் காலை 4.30 மணிக்கே திறக்கும். வெளியிலிருந்து வருகிறவர்களுக்கான வாயில்கள் 5.30 மணிக்குத்தான் திறக்கும். கூட்டம் வருவதற்கு முன் கிடைக்கும் அந்த ஒரு மணி நேரத்துக்குத் தனிக் கட்டணம் கிடையாது. ஆனால் விலங்குகளை எளிதாகப் பார்க்க உகந்தது மே முதல் செப்டம்பர் வரையிலான வறண்ட குளிர்காலம். புல் குட்டையாகி, விலங்குகள் நீர்நிலைகளைத் தேடி வரும். க்ரூகரின் மேற்கு எல்லையில் உள்ள சாபி சாண்ட் தனியார் காப்பகம் வேறு உலகம். இடையிலிருந்த வேலி 1993இல் அகற்றப்பட்டதால் விலங்குகள் இரு பக்கமும் நடமாடுகின்றன, விலை மட்டும் பல மடங்கு. க்ரூகரில் ஐந்து நாள் சொந்தமாக ஓட்டிவிட்டு, கடைசி ஓர் இரவை மட்டும் இத்தகைய தனியார் காப்பகம் ஒன்றில் கழிப்பது பலருக்குப் பொருந்தும் ஏற்பாடு.

மூன்றில் செலவு அதிகமாவது தான்சானியாவில். அங்கு கட்டணங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்படும். நிகொரோங்கொரோ எரிமலைப் பள்ளத்தை எடுத்துக்கொண்டால், ஆள் ஒருவருக்கு வரியுடன் 70.80 டாலர் நுழைவு. பள்ளத்துக்குள் இறங்க வண்டி ஒன்றுக்கு வரியுடன் 295 டாலர். இருவர் மட்டும் போனால் ஆளுக்கு 218 டாலருக்கு மேல் விழும். ஆறு பேர் போனால் 120 டாலரில் முடியும். ஆருஷா நகரிலிருந்து செரெங்கெட்டிக்குச் செல்லும் வழக்கமான சாலை இந்தக் காப்புப் பகுதியைக் கடந்தே போவதால், போகும்போதும் வரும்போதும் இங்கே கட்டணம் உண்டு. இவ்வளவுக்குப் பிறகும், ஆப்பிரிக்காவுக்கு வாழ்நாளில் ஒருமுறைதான் போவேன் என்பவருக்கு நான் செரெங்கெட்டியையே சொல்வேன். அந்த வெட்டவெளி க்ரூகரில் கிடைக்காது.

கூட்டுச் சஃபாரியில் சேரலாமா, தனி வண்டி எடுக்கலாமா?

தனியாகப் பயணம் செய்பவருக்குக் கூட்டுச் சஃபாரிதான் வழி. நான்கு பேர் உள்ள குடும்பத்துக்குத் தனி வண்டியே கிட்டத்தட்ட அதே விலையில் வந்துவிடும். இடையில் இருக்கும் தம்பதியர்தான் குழம்புவார்கள். அவர்களுக்கு என் யோசனை: பறவை பார்ப்பதிலோ ஒளிப்படம் எடுப்பதிலோ ஈடுபாடு இருந்தால் தனி வண்டி எடுக்க வேண்டும். கூட்டு வண்டியில் சிங்கத்தைப் பார்த்ததும் அடுத்தது எங்கே என்று கேட்பவர் ஒருவராவது இருப்பார். கூட்டுச் சஃபாரியில் சேர்வதானால் இரண்டு கேள்விகளை எழுத்தில் கேட்டு விடை வாங்குங்கள்: வண்டியில் அதிகபட்சம் எத்தனை பேர், ஒவ்வொருவருக்கும் சன்னலோர இருக்கை உறுதியா? "ஆறு பேர் வரை" என்று சொல்லிவிட்டு எட்டுப் பேரை ஏற்றும் வழக்கமும் இருக்கிறது.

காப்பகத்துக்கு உள்ளே தங்குவதா, வெளியே தங்குவதா?

மாராவில் செகெனானி, தலேக் வாயில்களுக்கு அருகே வெளியில் இருக்கும் முகாம்கள் கணிசமாக மலிவு. வாயிலிலிருந்து பத்து நிமிடத் தொலைவு என்றால் தாராளமாக எடுத்துக்கொள்ளலாம். நான் ஒருமுறை விலையைப் பார்த்து வாயிலிலிருந்து முக்கால் மணி நேரம் தள்ளியிருந்த முகாம் ஒன்றில் தங்கினேன். இரவுக்கு மிச்சப்பட்டது 25 டாலர். காலையில் ஐந்தேகாலுக்கு எழுந்தும், குண்டும் குழியுமான பாதையில் குலுங்கி வாயிலை அடையும்போது வெயில் ஏறத் தொடங்கியிருந்தது. வேட்டை முடித்த சிங்கங்கள் புதருக்குள் படுத்துவிட்டன. வரைபடத்தில் முகாம் இருக்கும் இடத்தை நீங்களே பார்த்துவிட்டுப் பணம் கட்டுவது நல்லது. "மாராவின் மடியில்" என்றெல்லாம் விளம்பரத்தில் எழுதியிருப்பதை நம்ப வேண்டாம்.

உள்ளே தங்குகிறவர்கள் கிளம்பும் நாளில் கவனமாக இருக்க வேண்டும். காலை 10 மணிக்குள் வாயிலைக் கடக்காவிட்டால் இன்னொரு நாள் கட்டணம் விழும்.

இவற்றைத் தவிர, காப்பகத்தின் விளிம்பில் மசாய் மக்களின் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து நடத்தப்படும் தனிப் பாதுகாப்புப் பகுதிகள் உள்ளன. நபொய்ஷோ, மாரா வடக்கு ஆகியவை அவற்றில் சில. அங்கே வண்டிகள் குறைவு. பாதையை விட்டு இறங்கலாம், இரவில் உலாப் போகலாம், வழிகாட்டியுடன் நடக்கலாம். இரவுக்கு விலை கூடுதலாகத் தோன்றினாலும் அதில் உணவு, உலா, கட்டணம் எல்லாம் அடங்கியிருக்கும். குத்தகைப் பணம் நில உரிமையாளர்களுக்குப் போகிறது என்பதையும் சேர்த்துப் பார்த்தால், ஜூலைக்குப் பிந்தைய மாதங்களில் இதுவே நியாயமான விலை என்று எனக்குப் படுகிறது.

வழிகாட்டிக்காக அதிகம் கொடுப்பது தேவைதானா?

தேவை. வேறு எதைக் குறைத்தாலும் இதைக் குறைக்காதீர்கள். மாராவில் ஒரு காலை எங்கள் வழிகாட்டி ஒன்றும் சொல்லாமல் வண்டியை நிறுத்தி என்ஜினை அணைத்தார். எதிரே அறுபது எழுபது இம்பாலா மான்கள் மேய்ச்சலை நிறுத்திவிட்டு, எல்லாம் ஒரே திசையில் முகம் திருப்பி, காது விறைத்து நின்றிருந்தன. அத்திசையில் எங்கள் கண்ணுக்கு ஒரு முட்புதர் மட்டுமே தெரிந்தது. எங்கோ சிங்கம் இருப்பதாக ரேடியோவில் செய்தி கேட்டு மூன்று வண்டிகள் புழுதி கிளப்பிக்கொண்டு எங்களைத் தாண்டிப் போயின. எங்கள் வண்டியிலும் ஒருவர் பொறுமையிழந்து, நாமும் போகலாமே என்றார். வழிகாட்டி கையைக் காட்டி அமர்த்தினார். இருபது நிமிடம் கழித்து அந்தப் புதரின் நிழலே எழுந்து நிற்பது போல ஒரு சிறுத்தை எழுந்து, முதுகை வளைத்துச் சோம்பல் முறித்து, எங்கள் வண்டிக்கு முன்னால் பாதையைக் கடந்து போனது.

கென்யாவில் தொழில்முறை வழிகாட்டிகள் சங்கம் தேர்வு வைத்து வெண்கலம், வெள்ளி, தங்கம் என்று தரம் அளிக்கிறது. உங்களுக்கு வரப்போகிறவர் எந்தத் தரத்தில் இருக்கிறார் என்று முன்கூட்டியே கேளுங்கள். "எங்கள் ஓட்டுநர்கள் எல்லோருமே அனுபவசாலிகள்" என்று மட்டும் பதில் வந்தால் வேறு நிறுவனத்தை நாடலாம்.

எத்தனை பூங்காக்களைச் சேர்க்கலாம்?

ஏழு நாளுக்கு இரண்டு போதும். மாரா, நக்குரு, நைவாஷா, அம்போசெலி என்று நான்கையும் ஆறே நாளில் காட்டும் திட்டங்கள் நம் ஊர்ப் பயண முகவர்களிடம் அதிகம் விற்கின்றன. கொடுக்கும் பணத்துக்கு நான்கு பெயர்கள் கிடைக்கின்றன என்பதுதான் அவற்றின் கவர்ச்சி. உண்மையில் வண்டிக்கும் ஓட்டுநருக்கும் நாள் வாடகை கொடுத்துவிட்டு, பாதி நேரம் நெடுஞ்சாலையில் லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்துகொண்டிருப்பீர்கள். மாராவில் மூன்று இரவு, அம்போசெலியில் இரண்டு இரவு என்று வைத்துக்கொண்டால், மேகம் மறைத்த கிளிமாஞ்சாரோவின் 5,895 மீட்டர் சிகரம் இரண்டாம் நாள் காலையிலாவது முகம் காட்ட வாய்ப்புண்டு. வழியில் ஒருநாள் மலிவாகக் கழிக்க வேண்டுமானால் நைவாஷா அருகே உள்ள ஹெல்ஸ் கேட் பூங்கா நல்ல தேர்வு. அங்கே வாடகை சைக்கிளில் வரிக்குதிரைகளுக்கு இடையே போகலாம்.

விலைப்புள்ளியில் எவற்றைத் தேடிப் பார்க்க வேண்டும்?

நுழைவுக் கட்டணம் எத்தனை நாளுக்குச் சேர்க்கப்பட்டுள்ளது, வண்டி வேனா லேண்ட் க்ரூசரா, கிலோமீட்டர் வரம்பு உண்டா, குடிநீர் அடக்கமா, தங்குமிடத்தின் பெயர் குறிப்பிடப்பட்டுள்ளதா அல்லது "அல்லது அதற்கு இணையானது" என்று நழுவப்பட்டுள்ளதா என்பவற்றைப் பாருங்கள். நிறுவனம் கென்யாவின் பயண ஏற்பாட்டாளர் சங்கமான காட்டோவிலோ தான்சானியாவின் டாட்டோவிலோ உறுப்பினரா என்பதை அச்சங்கங்களின் பட்டியலிலேயே சரிபார்க்கலாம். முழுத் தொகையையும் முன்கூட்டியே தனிநபர் கணக்குக்கு அனுப்பச் சொன்னால் அத்துடன் பேச்சை முடித்துக்கொள்ளுங்கள். இந்திய முகவர் மூலம் பதிவு செய்தால் டி.சி.எஸ். வரி (விற்பவரே விலையோடு சேர்த்து வசூலிக்கும் வரி) பிடிக்கப்படும், வருமான வரித் தாக்கலில் அதைக் கழித்துக்கொள்ளலாம் என்றாலும், முதலில் கையிலிருந்து போகும் தொகை அது.

விசா, தடுப்பூசி ஆகியவற்றுக்கு எவ்வளவு ஒதுக்க வேண்டும்?

கென்யாவில் 2024 ஜனவரி முதல் விசாவுக்குப் பதிலாக இணையவழிப் பயண அனுமதி. கட்டணம் 30 டாலர். தான்சானிய விசா 50 டாலர். கிழக்கு ஆப்பிரிக்கச் சுற்றுலா விசா என்று 100 டாலருக்கு ஒன்று உண்டு. அது கென்யா, உகாண்டா, ருவாண்டா மூன்றுக்கும்தான், தான்சானியாவுக்குச் செல்லாது.

கென்யா சென்று இந்தியா திரும்புகிறவர்களிடம் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்றிதழ் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் விமான நிலையத்திலிருந்தே ஆறு நாள் வரை தனிமைப்படுத்தப்படலாம். ஊசி போட்டுப் பத்து நாள் கழித்துத்தான் சான்றிதழ் செல்லுபடியாகும். அதன்பின் வாழ்நாள் முழுதும் போதும். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போடுகிறார்கள். கடைசி வாரத்துக்கு இதைத் தள்ளிப்போடக் கூடாது. அறுபது வயதைத் தாண்டியவர்களும் முட்டை ஒவ்வாமை உள்ளவர்களும் முன்னதாகவே மருத்துவரைக் கலந்துகொள்ள வேண்டும். மலேரியா மாத்திரையையும் அப்போதே கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.

காப்பீடு எடுத்தே ஆக வேண்டுமா?

ஆம். அதில் விமானம் மூலம் மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லும் செலவு அடக்கமா என்று மட்டும் பாருங்கள். அடக்கமில்லை என்றால், நைரோபியிலிருந்து இயங்கும் அம்ரெஃப் பறக்கும் மருத்துவர்கள் அமைப்பில் குறுகிய கால உறுப்பினராகலாம்.

டிப்ஸ் எவ்வளவு கொடுப்பது? பணத்தை எப்படிக் கொண்டுபோவது?

ஓட்டுநர் வழிகாட்டிக்கு வண்டியில் உள்ள எல்லோரும் சேர்ந்து நாளுக்கு 20 டாலர் அளவில் கொடுப்பது பரவலான வழக்கம். பயணத்தின் முடிவில் மொத்தமாகக் கொடுக்கலாம். முகாம் ஊழியர்களுக்குப் பொது உண்டியல் இருக்கும். இதைத் திட்டத்தில் முன்பே எழுதிவைக்காவிட்டால் கடைசி நாளில் கை நடுங்கும். டாலர் நோட்டுகள் புதிதாக, மடிப்பில்லாமல், 2009க்குப் பின் அச்சானவையாக இருக்கட்டும். பழைய நோட்டுகளைக் கடைக்காரர்கள் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள்.

பலூன் பயணம் அந்த விலைக்குத் தகுமா?

மாராவில் ஆளுக்கு 450 டாலருக்குக் குறையாது; விடியலில் ஏறக்குறைய ஒரு மணி நேரம் பறந்து, இறங்கிய இடத்தில் காலை உணவு. அழகானதுதான். ஆனால் இருவருக்கான அந்தத் தொகையில், மேலே சொன்ன ஜூன் மாதக் கணக்கின்படி, மாராவில் இன்னும் ஒரு முழு நாள் தங்கலாம். இரண்டில் ஒன்று என்றால் அந்த நாளையே நான் எடுப்பேன். மிச்சமிருக்கும் பணத்தில் ஆளுக்கொரு பைனாகுலர் வாங்கிக்கொள்ளலாம். குடும்பத்துக்கு ஒன்றே ஒன்று என்றால் சிறுத்தை மரத்திலிருந்து இறங்கும் நேரத்தில் அது வேறொருவர் கையில்தான் இருக்கும்.

சைவ உணவு கிடைக்குமா? கையில் கொண்டுபோனால் செலவு மிச்சமாகுமா?

கென்யாவில் இந்திய வம்சாவளியினர் தலைமுறைகளாக வாழ்வதால் சப்பாத்தியும் சமோசாவும் அங்கே ஊர்ச் சாப்பாடாகவே ஆகிவிட்டன. முன்பே சொல்லிவைத்தால் முகாம்களில் பருப்பும் காய்கறியும் செய்து தருவார்கள். முழு உணவுடன் கூடிய முகாம்களில் சாப்பாட்டுக்கு ஏற்கெனவே பணம் கொடுத்துவிட்டோம் என்பதால் மூட்டை கட்டிக்கொண்டு போவதில் மிச்சம் ஒன்றுமில்லை. உள்நாட்டுச் சிறு விமானங்களில் 15 கிலோதான் அனுமதி என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். நாக்குக்காகப் பருப்புப்பொடியும் ஊறுகாயும் எடுத்துப்போவதானால் சிறு டப்பாக்களில் அடையுங்கள். கென்யா 2017 முதலும் தான்சானியா 2019 முதலும் பிளாஸ்டிக் பைகளைத் தடை செய்திருக்கின்றன. கென்யப் பூங்காக்களுக்குள் ஒருமுறை பயன்படுத்தித் தூக்கியெறியும் தண்ணீர் பாட்டிலுக்கும் அனுமதி இல்லை. வீட்டிலிருந்தே ஆளுக்கொரு எவர்சில்வர் பாட்டில் கொண்டுபோய் முகாமில் நிரப்பிக்கொள்ளலாம்.